வாசிகசாலைச் சுவரில் ஒன்பது பேர்

கோப்பாய்,
24.07.1979, செவ்வாய்

அன்புள்ள மச்சாள் பத்மாசினிக்கு,

சுவரில் வரைந்த முகம் யாருக்குச் சொந்தம்? வரைந்தவருக்கா, முகத்துக்கு உரியவனுக்கா, அவனைப் பெற்றவளுக்கா? மூன்று நாளாக யோசிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் படித்த எதிலும் இது இருக்கவில்லை.

நான் சுகம். கோலாலம்பூரில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். உங்கள் அண்ணர் காலமாகி, வருகிற ஆவணியோடு இரண்டு வருடம். அவருடைய சுவரோவியங்களில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உரும்பிராய்ப் பள்ளிக்கூடத்துச் சுவர் மழையில் உதிர்ந்துவிட்டது. கோயில் மண்டபத்தில் வரைந்தவற்றின் மேல், கும்பாபிஷேகத்துக்குப் புதுப்பிக்கிறோம் என்று எனாமல் பூசிவிட்டார்கள். மிச்சம் கொழும்புத்துறை வாசிகசாலைச் சுவர் ஒன்றுதான். வலை இழுக்கும் ஒன்பது பேர்.

அவருடைய பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். மனதிலிருந்து முகம் வரைய மாட்டார். அந்த ஒன்பது இளைஞரையும் ஒவ்வொருவராக வாங்கிலே இருத்தித்தான் வரைந்தார். ஒருவன், “மாஸ்ரர், எனக்குப் பொம்பிளை பாக்கினம், கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ” என்று கெஞ்சினானாம். இவர், “அதுக்கு என்னட்டை இருக்கிற பெயின்ற் காணாது, ஆடாமல் இரடா” என்றாராம். வெட்டுத் தழும்பு, தெற்றுப்பல் ஒன்றையும் விடவில்லை. நாலு வருடத்துக்கு முந்திய வேலை. இப்போது அதுதான் வினையாகிவிட்டது.

அவசரகாலச் சட்டம் வந்து இரண்டு கிழமை. சனிக்கிழமை வாசிகசாலைக்குப் பொலிஸ் ஜீப் வந்திருக்கிறது. அவர்களிடம் தேடுகிற இளைஞரின் பெயர்ப்பட்டியல் இருந்ததாம், படங்கள் இல்லையாம். அதிகாரி சுவருக்கு முன் கனநேரம் நின்று, முகங்களை விரலால் எண்ணினார். வாசிகசாலைத் தலைவர் முருகேசு, “உது சும்மா கற்பனை, ஐயா” என்று சொல்லிப் பார்த்தார். அதிகாரி சிரித்துவிட்டு, கமெராவோடு வருவதாகச் சொல்லிப் போனார். ஒன்பது பேரில் இரண்டு பேர் இப்போது வீட்டில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

இன்று அங்கே போனேன். சுண்ணாம்பு கரைத்து வைத்திருந்தார்கள். ஆனால் ஒருவரும் சுவரைத் தொடவில்லை. “மாஸ்ரரின்ரை கை, ரீச்சர். நீங்கள் ஓமெண்டால்தான்” என்றார் முருகேசு. வீட்டில் இல்லாத இருவரில் ஒருவனுடைய தாய் இரத்தினம்மா, “அவ ஓமெண்டு சொல்லுமட்டும் ஜீப்காரன் பாத்துக்கொண்டு நிப்பானோ?” என்று சீறினாள். நான் ஓம் என்றேன்.

அப்போது பூரணம் வந்தாள். அவளுடைய மூத்த மகன் தவம் மூன்று வருடத்துக்கு முன் கடலில் போனவன். உடல் கிடைக்கவில்லை. வீட்டில் அவனுடைய படம் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் வந்து, ஈரத் துணியால் அந்த ஒரு முகத்தின் புழுதியை மட்டும் துடைப்பாள். கன்னத்து நிறம்கூடச் சற்றுத் தேய்ந்திருக்கிறது. “என்ரை பிள்ளையை விடுங்கோ, ரீச்சர். செத்தவனை உவங்கள் என்ன செய்யப்போறாங்கள்?” என்றாள். அதற்கும் ஓம் என்றேன். எட்டு முகங்களைப் பூசிவிட்டு, தவத்தை மட்டும் விடச் சொல்லி வந்தேன்.

உங்களிடம் மறைக்கக் கூடாது. நான் பூரணத்துக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் அண்ணர் வரைந்தவற்றில் அந்த முகம்தான் மிகச் சிறந்தது. ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

எட்டு வெள்ளைத் திட்டுகளுக்கு நடுவே ஒரு முகம் எப்படித் தெரியும் என்பது திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. நாளை விடிய முதலாவது பஸ்ஸில் போய் அதையும் பூசச் சொல்லப்போகிறேன். பூரணத்திடம் அதை நானே சொல்ல வேண்டும். இதைப் பிறகு தபாலில் போடுகிறேன்.

25.07.1979, புதன், மாலை

முதல் பஸ் வரவில்லை. அடுத்ததில் போய் இறங்கியபோது ஒன்பதரை. ஜீப் வந்து போய்விட்டது.

நடந்ததை முருகேசு சொன்னார். அதிகாரி நேரே அந்த ஒரு முகத்திடம் போய், இவன் யார் என்று கேட்டிருக்கிறார். பூரணம் தானாகவே முன்னுக்கு வந்து, “என்ரை மூத்த பெடியன், ஐயா. கடலோடை போயிட்டான்” என்றிருக்கிறாள். மரண அத்தாட்சி கேட்டார். உடல் கிடைக்காதவனுக்கு ஏது அத்தாட்சி? அந்த நேரம் தாயைத் தேடி இளையவன் யோகன் வந்தான். பத்தொன்பது வயது. தவத்தை வரைந்தபோது அவனுக்கும் அதே வயதுதான். அதிகாரி யோகனின் நாடியைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பி, இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கமெராவை வெளியே எடுக்கவே இல்லை. அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

நானும் முருகேசுவும் பூரணத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்னேரம் வரை பொலிஸ் நிலைய வாசலில் நின்றோம். அப்படி ஒருவரையும் தாங்கள் கொண்டுவரவில்லை என்கிறார்கள்.

பூரணம் இப்போது என்னோடு இருக்கிறாள். என்னை ஒரு சொல் ஏசவில்லை.

நான் கோயிலுக்குப் போகாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறேன். உங்கள் ஊர்க் கோயிலில் யோகனின் பெயருக்கு ஓர் அருச்சனை செய்வியுங்கள். அதற்காகப் பூரணத்திடம் நட்சத்திரம் கேட்டேன். முதலில் ரோகிணி என்றாள். பிறகு, அது தவத்தினுடையது, யோகனுக்கு உத்தரட்டாதி என்று திருத்தினாள்.

உங்கள் மச்சாள்,
ஞானாம்பிகை