சோல் எங்கே வாங்குகிறாய் என்று கேட்டாயே

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். பெட்டியைத் திறந்ததும் ஷூக்களுக்கு மேலே இந்தக் கடிதம்தான் உன் கையில் படும். சாம்பிளைப் பிறகு பார், முதலில் இதைப் படி. போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் ஒன்று நான் கத்துவேன், இல்லை அழுவேன். இரண்டிலும் விஷயம் வெளியே வராது என்று உன் அத்தானே சொல்லிவிட்டார்.

இங்கே எல்லோரும் நலம். பட்டறையில் பதினான்கு பேர் தைத்த இடத்தில் இப்போது ஆறு பேர்தான். மேஸ்திரிக்கு முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம், நீ ஆர்டரை நிறுத்தி மூன்று வருஷம் கழித்து, உன்னிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "அக்கா, சோல் எங்க வாங்குற? உள்துணி எந்த நாட்டுது? விவரமா எழுது" என்று கேட்டிருந்தாய். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. என்னிடம் வாங்குவதை நிறுத்திவிட்டு வேறு நாட்டு ஷூவைக் கடையில் அடுக்கியவன், இப்போது என் சரக்கின் யோக்கியதையை விசாரிக்கிறானா என்று நினைத்தேன். "வேணும்னா வாங்கு, வேணாம்னா விடு, என்னைக் குடையாதே" என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு அன்று முழுக்கப் பெருமையாக வேறு திரிந்தேன்.

அதற்கு அடுத்த வாரமே, துறைமுகத்தில் நமக்குக் காகித வேலை பார்க்கும் ஏஜென்ட் வந்தார். நம் நாடும் நீ கடை வைத்திருக்கும் நாடும் வர்த்தக ஒப்பந்தம் போட்டதைப் பேப்பரில் நானும் பார்த்திருந்தேன். பெரிய கம்பெனிகளின் சமாசாரம் என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அவர்தான் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "இனிமே உங்க குழந்தைங்க ஷூவுக்கு அந்தப் பக்கம் இறக்குமதி வரியே கிடையாதும்மா. ஆனா ஷூவோட மதிப்புல பெரும்பங்கு இங்கேயே உண்டானதுன்னு சான்றிதழ் காட்டணும். உங்க சோலும் உள்துணியும் மூணாவது நாட்டுலேர்ந்து வருது. அப்படியே போனா சலுகை கிடைக்காது" என்றார். நீ எதற்காகக் கேட்டாய் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதோடு விட்டாரா மனுஷன்! உன் பக்கத்து ஏஜென்ட் அனுப்பிய பழைய வரி ரசீதுகளின் நகலையும் மேசையில் விரித்தார். துறைமுகம் வரைதான் என் பொறுப்பு, அதற்கப்பால் நீ என்ன கட்டுகிறாய் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. உன் மனைவி அந்த நாட்களில் அனுப்பிய கடைப் படங்களில் என் ஷூவின் விலைச்சீட்டு மாறவே இல்லை, அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேறு நாட்டு ஷூ வரியில்லாமல் வந்து உன் தெருவிலேயே மலிவாக விற்றபோது, என் ஷூவுக்கு ஏறிய வரியை நீ கையிலிருந்து கட்டி, விலையை ஏற்றாமல் இரண்டு வருஷம் விற்றிருக்கிறாய். "உங்க தம்பி உங்ககிட்ட சொல்லவே இல்லையா?" என்று அவர் கேட்டார். நான் ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்.

இனி முடியாது என்று நீ நிறுத்தியபோது, நன்றிகெட்டவன் என்று உன்னைத் திட்டினேன். அதற்கப்புறமும் எத்தனையோ முறை கூப்பிட்டாய், நான்தான் எடுக்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அக்காவை மன்னித்துவிடுடா.

இனி வேலை விஷயம். பெட்டியில் உள்ள ஆறு ஜோடிக்கும் புது சோல். நம் பட்டறையிலிருந்து மூன்று தெரு தள்ளி ரப்பர் சோல் வார்க்கிற ஒருவரைப் பிடித்தேன். முதலில் வந்தது கருங்கல் மாதிரி இருந்தது. "இதைப் போட்டா குழந்தை நடக்காது, விழும்" என்று மேஸ்திரி திருப்பி அனுப்பினார். நான்காவது தடவைதான் கையால் வளைத்தால் வளைந்தது. உள்துணியும் இந்த ஊர்ப் பருத்திதான். சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. உங்கள் நாட்டுத் தையல் இயந்திரத்துக்கும் இங்கே வரி போய்விட்டதாம். ஆர்டர் நிலைத்தால் இரண்டு வாங்கி, வீட்டுக்கு அனுப்பியவர்களைத் திரும்பக் கூப்பிட ஆசை. உனக்கு லாபம் நிற்கிற விலையை நீயே எழுது. பழையபடி வாயை மூடிக்கொண்டு எனக்காக எதையும் சுமக்காதே.

இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. பெண் பிறந்திருக்கிறாள் என்று சொல்ல நீ கூப்பிட்ட அன்றும் நான் போனை எடுக்கவில்லை. அத்தான்தான் பேசினார். நான் அடுத்த அறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு இப்போது இரண்டு வயது ஆகியிருக்கும். யார் யார் வீட்டுக் குழந்தைகளுக்கோ தைக்கிறேன், சொந்த மருமகளின் கால் அளவு எனக்குத் தெரியாது. அவளை ஒரு காகிதத்தின்மேல் நிற்கவைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. இரண்டு காலையும் வரை, ஒன்று சற்றுப் பெரிதாக இருக்கும்.

வளர்கிற கால் அல்லவா, காகிதம் வந்து சேர்வதற்குள் அந்த அளவு பத்தாமல் போய்விடும். ஆர்டர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சரி, அவளையே ஒரு நடை கூட்டிக்கொண்டு வா. மடியில் வைத்து நானே அளந்துகொள்கிறேன்.

நீங்கள் மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இனி முதல் மணியிலேயே போனை எடுக்கப்போகும் உன் அக்கா