உன்னைப் பத்தி விசாரிச்சாங்க

கிள்ளைக்குப் போனதுலேர்ந்து முதுநகர் பக்கமே எட்டிப் பார்க்காதவளுக்கு,

உனக்குப் போன் பண்ணினா உன் புதுக் கூட்டாளி பிரிசில்லாதான் எடுக்குறா. அதான் கடுதாசி.

நேத்து அந்த டிரஸ்ட்காரர் கூப்பிட்டாரு. நம்ம கருவாட்டுச் சங்கத்துக்குக் கேட்டிருந்த நிதி கெடைச்சிடுச்சின்னு நெனைச்சேன். அவரு உன்னைப் பத்தி விசாரிக்கிறாரு! அங்க நீ ஆரம்பிச்ச நண்டுச் சங்கமும் அதே நிதிக்கு மனு போட்டிருக்காமே. உங்களைத் தெரிஞ்ச வெளியாள் ஒருத்தர் பேரைக் கேட்டதும் என் பேரைக் குடுத்திருக்கே. மாவட்டத்துல ஒரு சங்கத்துக்குத்தான் குடுப்பாங்கன்னு தெரிஞ்சும் குடுத்திருக்கே. எவ்ளோ தைரியம்டி உனக்கு?

உங்க சங்கத்துப் போட்டோவை என் பொண்ணு ப்ரீத்தி காட்டினா. உன் தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கிறா அந்தப் பிரிசில்லா. செயலாளராம். இங்க நீ செயலாளரா இருந்தப்ப அந்தத் தோள்ல என் கைதான் இருந்துச்சு.

"அவுங்களை நம்பிப் பணம் குடுக்கலாமா?"ன்னு கேட்டாரு. வேணாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். புயலன்னிக்கு உன் வீட்டுக் கூரை பறக்குறதைக்கூடப் பார்க்காம சங்கத்துக் கருவாட்டு மூட்டையை நீ தூக்கிட்டு ஓடினது ஞாபகம் வந்து தொலைச்சுது. அதைச் சொல்லிட்டேன். நிதி உனக்குத்தான் வரும், போ.

கடைசியா, "அவுங்க உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னு போனை வெச்சிட்டேன். அதையும் எழுதணுமாம், திங்கக்கிழமை மறுபடி கூப்பிடுவாராம்.

என்னன்னு சொல்லட்டும்? அதுக்குள்ள நீயே வந்து சொல்லிட்டுப் போ. அவளைக் கூட்டிட்டு வராதே.

இப்படிக்கு,
நீ பேர் குடுத்த வெளியாள்