கணக்கில் ராடு நிற்கவே இல்லை

அன்பு மாப்பிள்ளை அந்தோணிக்கு,

உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் உன்மேல் பழி போட்டார்கள். நீ கல்லறைக்குப் போன பிறகும் அதை இறக்கவில்லை. வண்டிக்கு ஆக்சில் அடிக்கிற நம் திருவொற்றியூர் கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு நடக்கிறதாம். உன் போட்டோவைத் திரையில் போட்டு, “இவர் இரும்பு ராடைச் சூடேற்றும்போது வேகமாக ஓட்டினார், உள்ளே சூடு ஏறவில்லை, அதில் அடித்த ஆக்சிலெல்லாம் விரிசல் விட்டு வெடித்தது” என்று பாடம் எடுக்கிறார்களாம். என் தங்கை ஃபிலோமினா இப்போது கம்பெனித் தெருப்பக்கமே போவதில்லை.

ஆதாரம் கேட்டேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம் என்றார்கள். நெருப்பில்லாமல் ராடைச் சிவக்க வைக்கிற செப்புக் காயிலுக்குள் அது நகரும்போது, எந்த இடத்தில் எவ்வளவு சூடு என்று வண்ணத்தில் காட்டுமாம். அந்தக் காயிலுக்குக் கரண்ட் கொடுத்தவன் நான். புரியாமல் விடுவேனா? வண்ணாரப்பேட்டை ரெஹானாவுக்குக் கம்ப்யூட்டரில் இந்த மாதிரிச் சூட்டுக் கணக்குப் போடுவதுதான் வேலை. அவள் வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

கம்பெனி போட்ட மாதிரியே அவள் போட்டுக் காட்டிய படத்தில் ராடு அசையவில்லை. காயில்தான் நகர்ந்தது.

“இன்னாம்மா, எல்லாம் தலைகீயா கீது? எங்க காயில் எப்போம்மா நடந்துச்சு?”

“எது நகர்ந்தா இன்னா தாத்தா? சூட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரயில்ல குந்திகினு பாத்தா பிளாட்பாரம் ஓடலியா?”

“அப்போ பிளாட்பாரத்துக்கா டிக்கெட் எடுத்தே?”

சிரித்தாள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ரெண்டும் ஒன்றுதானா மாப்பிள்ளை?

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். படத்தில் அந்த நகர்வு நிற்கவே இல்லை. சிவந்த ராடை ஆக்சிலாக அடிக்கிற ஹாமர்காரர்கள் முந்தைய துண்டை முடிக்கும்வரை அடுத்த ராடு காயிலுக்குள்ளேயே காத்து நிற்குமே! “கரண்டை அணைக்காதீங்கடா, மறுபடி ஏத்துறது பேஜாரு” என்று ஃபோர்மேன் கத்துவாரே. நீ அவரை முறைப்பாயே.

ரெஹானா அந்த நிற்பையும் சேர்த்துப் போட்டாள். ராடின் வெளிப்பக்கம் கருகுகிற அளவுக்குச் சூடேறியது. அப்படியென்றால் வெடிப்பு அதனால்தானா என்று கேட்டேன்.

“இருக்கலாம் தாத்தா. ஆனா எவ்ளோ நேரம் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதே. சூடு ஏறஏற இரும்போட காந்த குணம் மாறி, அது சூடு வாங்குறதும் மாறும். எல்லாம் குத்துமதிப்பாத்தான் போட்டுகீறேன்.”

அவர்கள் படத்திலும் குத்துமதிப்பு இருக்கும்தானே? அதை வைத்தா ஒரு மனிதனின் பேரைக் கெடுப்பது? இல்லை, நின்ற நேரத்தை ஈடுகட்ட நீ வேகமாகவும் ஓட்டினாயா? யோசிக்க யோசிக்கக் குழம்புகிறது. யாரைக் கேட்பேன்?

இனி நடக்க வேண்டியது இதுதான். கம்பெனிக்காரர்கள் உன் போட்டோவைத் திரையிலிருந்து எடுக்க வேண்டும். ஓய்வு பெற்று ராயபுரத்தில் இருக்கிற ஃபோர்மேன், கரண்டை அணைக்க விடாததை ஃபிலோமினாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ராடு எவ்வளவு நேரம் காத்து நின்றது என்பதை ஹாமரில் நின்றவர்கள் வாய்திறந்து சொல்ல வேண்டும். ரெஹானா மறுபடி கணக்குப் போட வேண்டும். வருகிற விடையை, அது உனக்கு எதிராகவே வந்தாலும், ஃபிலோமினாவிடம் நானே சொல்வேன். சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே இருப்பேன்.

இப்படிக்கு,
உன் மனைவியின் அண்ணன், உன் மச்சான்,
காலடிப்பேட்டை சவரி