தடுக்க முடியாத ஒருவர்

அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா?

நேற்று, ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும்படி நானே பொருத்திய இரண்டு கதவுகளுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன். "நீ வச்ச பூட்டுதானேடா, நீயே தொற," என்று வெளியே நின்று சூப்பர்வைசர் சிரித்தார். பயப்பட ஒன்றுமில்லை.

உங்கள் முதியோர் இல்லத்திலிருந்து தகவல் வந்தது. புதுச் சட்டப்படி, இல்லம் எந்தக் காரணம் சொல்லியும் தடுக்க முடியாத பார்வையாளராக நீங்கள் ஒருவரை மட்டும் எழுதித் தரலாமாம். என் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அங்கே என்னை யாரும் தடுக்க முடியாது, சரி. இங்கே ஒப்பந்தம் முடியும்வரை என் பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில் இருக்கிறது. வேறு தாள் வாங்கி ஊரில் நம் எதிர்வீட்டுத் தையல்கார மாமா பெயரை எழுதுங்கள். அவர் வாரம் தவறாமல் வருவார்.

என் பெயர் எழுதிய தாளை மட்டும் எறிந்துவிடாதீர்கள். வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்