தலைப்பில் மட்டும் இடிந்த பாலம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆங்கிலப் பேப்பரில் ஒரு தலைப்பை யார் துணையும் இல்லாமல் படித்தேன். முதியோர் வகுப்பில் தமிழ் எழுத்து போன வருஷம் வந்தது, ஆங்கிலம் இந்த வருஷம். இந்த வயதுக்கு இரண்டுமே கொள்ளை லாபம். தலைப்பு பெரிய எழுத்தில் இருப்பதால் சுலபம். கீழே இருக்கும் பொடி எழுத்தைக் கூட்டி முடிக்க எனக்கு ஒரு பொழுது ஆகும். அதனால் தலைப்போடு நிறுத்திக்கொள்கிறேன்.

அகராதி மருமகள் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பேப்பரில்தான் அவளுக்கு வேலை. தலைப்பு வைப்பவளே அவள்தானாம். தலைப்பு சமைக்கிற வீட்டிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நான்.

மார்ச் 7, வெள்ளி

முதல் பக்கத்தில் 'ஹாரர்'. அதற்குப் பக்கத்திலேயே 'பிரிட்ஜ்'. அகராதியைப் புரட்டினேன்: பயங்கரம், நடுங்க வைக்கும் கோரம். ஆற்றின் மேல் கட்டும் அந்தப் பாலத்தில்தான் என் மகன் வெல்டர்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும்.

சாப்பாட்டு நேரத்தில்தான் எடுத்தான். "ஒரு பலகை விழுந்துச்சுப்பா. கீழ ஆளே இல்ல. அதுக்கா இத்தனை தடவை கூப்பிட்டீங்க? மேஸ்திரி என்னைப் பாத்து சிரிக்கிறார்."

சாயங்காலம் பொடி எழுத்தையும் படித்து முடித்தேன். ஆமாம், பலகைதான். அச்சில் வந்தது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. இது என்ன கணக்கு?

மார்ச் 8, சனி

மருமகளிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. "நான் வெச்சதுதான் மாமா. 'பலகை விழுந்தது'ன்னு போட்டா யார் திரும்பிப் பாப்பாங்க? எதிர்ப் பேப்பர்க்காரன் 'ஷாக்கிங்'னு போடுவான். நாங்க 'மாஸிவ்' போடுவோம். அவனும் 'மாஸிவ்'க்கு வந்துட்டா நாங்க 'ஹாரர்'."

"நெசமாவே பாலம் இடிஞ்சா என்னம்மா போடுவீங்க?"

யோசித்தாள். "எழுத்தைப் பெருசாக்குவோம்."

என் வீட்டுக்காரி அடுப்படியிலிருந்து சொன்னாள்: "மீன்கடையில கத்தற மாதிரிதான். பக்கத்துக் கடைக்காரி கத்தினா நாமும் கத்தணும். மீன் என்னவோ அதே மீன்."

புரிந்தது. இனி பயப்பட மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

பயந்துவிட்டேன். 'கேயாஸ்' என்று இருந்தது, அதாவது பெருங்குழப்பம். பாலத்துக்குப் போகிற சாலையில் வண்டி நெரிசலாம். அது தெரிவதற்குள் போன் போட்டாகிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

இன்று 'பேனிக்', பீதியாம்; மறுபடியும் விடாமல் போன் போட்டேன். மகன் வேலை முடிந்து நேரே என்னிடம் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உசரத்துல நிக்கறவன் சட்டைப்பையில போன் துடிச்சிக்கிட்டே இருந்தா அதுதாம்ப்பா ஆபத்து. இனிமே வேலை நேரத்துல அணைச்சு வெச்சிருவேன். படிக்கத் தெரியாம இருந்தப்ப எவ்ளோ நிம்மதியா இருந்தீங்க."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வீட்டுக்காரி தன் பங்குக்கு ஒன்று போட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. படுத்தால் நன்றாகத் தூங்குகிறாள்.

வகுப்பை நிறுத்திவிடலாமா? ஐயோ, மனசு வரவில்லையே. தெருவில் உள்ள பெயர்ப்பலகை எல்லாம் இப்போதுதானே என்னோடு பேச ஆரம்பித்திருக்கிறது. ஆனால் நான் படித்து அவன் கால் தவறினால்—

போன் போட மாட்டேன். சத்தியம்.

மார்ச் 18, செவ்வாய்

மத்தியானம் மருமகள் ஆபீசிலிருந்து பேசினாள். "மாமா, பாலத்துல சாரம் சரிஞ்சிருக்கு. அவர் ஆஸ்பத்திரியில இருக்கார். அத்தையைக் கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான். குரலில் ஏற்றம் இல்லை. எத்தனை பெரிய சொற்கள் தெரிந்தவள், ஒன்றையும் தொடவில்லை. அதனாலேயே சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் வீட்டுக்காரியை அழைத்துக்கொண்டு ஓடினேன்.

மார்ச் 19, புதன்

பிழைத்துக்கொண்டான். தொடை எலும்பு முறிவு. தலையில் தையல். எழுதக் கை வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

இன்று தெளிவாகப் பேசினான். விபத்துச் செய்தி வந்த பேப்பரை எடுத்துப் போயிருந்தேன். "படிங்கப்பா, கேக்கலாம்" என்றான். என்னைப் படிக்கச் சொல்லி அவன் கேட்பது இதுதான் முதல் தடவை. கட்டில் ஓரமாக நின்று எழுத்துக்கூட்டிப் படித்து, தமிழில் சொன்னேன். பாலத்தில் சாரம் சரிந்தது. இருவர் காயம்.

"தலைப்பைச் சொல்லுங்க."

"தலைப்பே அதாண்டா."

கட்டிலின் அந்தப் பக்கம் இருந்த மருமகளைப் பார்த்தான். "ரெண்டு மாடி உசரத்துலேர்ந்து விழுந்திருக்கேன். ஒரு 'மாஸிவ்' கூடக் கெடையாதா? பலகைக்குப் போட்டீங்களே 'ஹாரர்', நான் பலகையைவிட மட்டமாப் போயிட்டேனா?"

தையல் இழுத்தது போலிருக்கிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தான். எனக்கும் வீட்டுக்காரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எத்தனையோ நாளுக்குப் பிறகு. மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தாள்.

"ஆபீஸ்ல அந்தச் சொல்லைத்தான் போட்டிருந்தாங்க" என்றாள். "அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி போன்ல அனுப்பி, சரியான்னு என்னையே கேட்டாங்க. எடுத்துடச் சொன்னேன்."

"ஏம்மா?" என்றேன்.

"என்னால அதைப் படிக்க முடியல மாமா."