டிக்கியில் பெரிய குடை

இஞ்சாருங்கோ,

குசினியில புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். சாப்பிட்டுட்டுப் பயிற்சிக்குப் போங்கோ. கோபத்தில பட்டினி கிடக்க வேண்டாம்.

போன வியாழன் பயிற்சி முடிஞ்சு, தன்ர அம்மா கூட்டிக்கொண்டு போக வரப் பிந்தி மழையில நின்ற உங்கட ரீம் பிள்ளை ரொஷானாவை, நீங்கள் தனியக் காரில ஏத்திக்கொண்டு போய் வீட்டில விட்டதை நான் கிளப் கமிட்டியில எல்லாருக்கும் முன்னால சொன்னது உங்களுக்குச் சுட்டிருக்கும். "பொலிஸ் செக் எல்லாம் குடுத்துத்தானே பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்கிறன், கட்டின மனுசியே சந்தேகப்படுறாளோ?" எண்டு கேட்டியள். இல்லையப்பா. எந்தச் செக்குக்கும் முதலே உங்களை எனக்குத் தெரியும். ஆனா கிளப்பில பிள்ளைகளின்ர பாதுகாப்புக்குப் பொறுப்பு நான். பெரியாக்கள் ஆரும் ஒரு பிள்ளையைத் தனியக் காரில ஏத்தக்கூடாதெண்டது சட்டம். என்ர மனுசனை மட்டும் கேக்காமல் விட்டுட்டு, நாளைக்கு வேறொராள் ஒரு பிள்ளையைத் தனிய ஏத்தினால் எந்த முகத்தோட மறிக்கிறது?

"அப்ப பிள்ளை நனையட்டுமோ?" எண்டும் கேட்டியள். அதைத்தான் யோசிச்சுக்கொண்டு கடைக்குப் போனனான்.

இண்டைக்கும் மழையாம். டிக்கியில பெரிய குடை ஒண்டு வைச்சிருக்கிறன். ரொஷானாவின்ர அம்மா பிந்தினால், காருக்குள்ள வேண்டாம், எல்லாரும் பார்க்கிற மாதிரி கிரவுண்ட் கேற்றடியில அவளோட நில்லுங்கோ.

மெற்றில்டா

பி.கு.: அந்த அம்மாவோட கதைச்சனான். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவ. நானும் இன்னும் சொல்லேல்லை.

இன்னொண்டு: வேலை முடிய நேரா கிரவுண்டுக்கு வாறன். அந்தக் குடைக்குள்ள மூண்டு பேர் நிக்கலாம். கடையில விரிச்சுப் பார்த்துத்தான் வாங்கினனான்.