போன் வெளுத்துக் காட்டிய முகம்

என்ரை ஆசைப் பெரியக்காவுக்கு,

உங்கட முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசம் முடிந்து நாலு மாதமாகிறது. கடிதம் எழுதிப் பழக்கமில்லாத நான் இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன சனிக்கிழமை நாரந்தனையில் நடந்த ஒரு சங்கதி. அதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், இதுவரை ஒருவரிடமும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் போன் நான் வாங்கித் தந்தது. அத்தான் காலமான பிறகு சுருவிலில் நீங்கள் தனிய, வவுனியாவில் பள்ளிக்கூடத்தோடு நான் தனிய. சிம்மைப் போட்டு, என்ரை நம்பரைப் பதிந்து, பெட்டியிலிருந்து எடுத்தபடியே உங்கட கையில் தந்தனான். வேறொன்றையும் திறந்து பார்க்கவில்லை.

நாளாந்தம் பின்னேரம் ஆறு மணிக்கு வீடியோ அழைப்பில் உங்கட முகம் வரும். பளிச்சென்று இருக்கும்.

"என்னக்கா, வரவர இளமையாகிறியள்?" என்று கேட்பேன்.

"போன் நல்ல போன் போல கிடக்கு" என்று சிரிப்பீர்கள்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் பொங்கலுக்கு வராமல் விட்டேன். சித்திரை வருடப் பிறப்புக்கும் வரவில்லை. சோதனை வகுப்புப் பிள்ளைகள், தூரப் பயணம் என்று சாட்டுச் சொன்னேன். நாளாந்தம் முகத்தைத்தான் பார்க்கிறேனே என்ற நிம்மதி வேறு.

ஆவணி விடுமுறைக்கு வந்து படலையைத் திறந்தபோது நீங்கள் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றீர்கள். திரும்பினீர்கள். கண்ணின் வெள்ளை முழுக்க மஞ்சள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"என்னக்கா இது, கண்ணெல்லாம்?"

"கண்ணுக்கென்ன? காலமைதானே போனிலை பாத்துப் பொட்டு வைச்சனான்."

அலுமாரிக் கண்ணாடி ரசம் போய்விட்டதால் போனைத்தான் கண்ணாடியாகப் பிடித்துக்கொண்டு திரிந்தீர்களாம். கை கால் சொறிவதை வெக்கை என்று நினைத்தீர்களாம். என்னை ஏமாற்றிய படம் உங்களையும் ஏமாற்றியிருக்கிறது.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், எவ்வளவு நாளாக மஞ்சள் என்று. நாங்கள் கதைக்கும்போது பிடித்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இதிலை ஒண்டும் தெரியேல்லையே" என்றார்.

இரண்டு மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். "முந்திக் கொண்டு வந்திருந்தா?" என்று நான் டொக்டரைக் கேட்டேன். "அதைச் சொல்ல ஏலாது, அம்மா" என்றார். என்னைத் தேற்றச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா? இன்றைக்கும் தெரியவில்லை.

உங்கட முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிக்கப் படம் வேண்டியிருந்தது. ஊர்காவற்றுறையில் போன் திருத்தும் கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் பெண் உங்கட போனைப் பார்த்தவுடனே சொன்னாள்.

"ரீச்சர், இது பியூட்டி போட்டு எடுத்த படங்கள். கல்வெட்டுக்கு வேற படம் இல்லையோ?"

"நாங்கள் ஒண்டும் போடேல்லையே."

"நீங்கள் போடத் தேவையில்லை. வரேக்கையே போட்டுத்தான் வரும். முகத்தை வெளுப்பாக்கி, மெல்லிசாக்கி, தோலை இழைச்சு விடும். வீடியோவிலையும் அப்பிடித்தான். டேற்றா மிச்சம் பிடிக்கிற செற்றிங்கும் போட்டபடி கிடக்கு. அதாலை படம் மங்கித்தான் அங்காலை போகும்."

அவள் திரையில் இருந்த ஒரு கோட்டை விரலால் கடைசி மட்டும் இழுத்து, போனை என் பக்கம் திருப்பினாள். திரும்ப மறுகரைக்கு இழுத்தாள். திரையில் தெரிந்த என் முகத்தில் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போனது, வந்தது.

அப்போதுதான் உங்கட படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சின்ன வயதில் கிணற்றுக் கட்டில் விழுந்து இடது கன்னத்தில் வந்த தழும்பு ஒரு படத்திலும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேலாகத் தழும்பு இல்லாத ஒரு முகத்தோடு கதைத்திருக்கிறேன் அக்கா. அது எங்கே என்று எனக்கு ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. போன் செய்தது போகட்டும். நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

பள்ளிக்கூட இடமாற்றம் கேட்டு எழுதினேன். கிடைத்தது. இப்போது தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான், இருப்பதும் உங்கட வீட்டில்தான். சனிக்கிழமைகளில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனித்துப்போன ஆட்களிடம் போகிறேன். போனை வாங்கி, முகத்தை மாற்றுகிற செற்றிங்கையும் மிச்சம் பிடிக்கிறதையும் நிப்பாட்டுவேன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரிக் கதிரையைத் திருப்பி வைப்பேன். எல்லோருக்கும் இது பிடிப்பதில்லை. மண்டைதீவில் ஓர் அம்மா, "என்ரை மகன் என்னை வடிவாப் பாக்கட்டன், உமக்கென்ன?" என்று போனைப் பறித்துக்கொண்டார். அடுத்த கிழமையும் போனேன். தேத்தண்ணி தந்தார், போனைத் தரவில்லை. இன்னும் போவேன்.

போன சனிக்கிழமை நாரந்தனையில் கந்தையா அண்ணை வீடு. தெற்கே கடை வைத்திருந்துவிட்டு வந்து தனிய இருக்கிறவர், மகள் கனடாவில். நான் எல்லாவற்றையும் நிப்பாட்டி முடிக்கவும் மகளின் அழைப்பு வந்தது.

"அப்பா, முகம் என்ன இப்பிடி வீங்கிக் கிடக்கு?"

அவர் போனைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீர் அதைப் பழையபடி போட்டுவிடும். அவள் அங்கை தனிய இருந்து பயப்பிடப் போறாள்."

"என்னாலை ஏலாது அண்ணை."

"என்ரை போன் எல்லோ?"

"ஓம், உங்கட போன்தான். ஆனா நான் போடமாட்டன்."

போனை எடுத்தேன். பின் கமராவுக்கு மாற்றி அவருடைய காலுக்குக் கிட்டப் பிடித்தேன். கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தேன். குழி அப்படியே நின்றது.

"எவ்வளவு காலமப்பா?"

"ஒரு மாசம். கொஞ்சம் கூடவும் இருக்கும்."

"ரீச்சர், அப்பாவை இண்டைக்கே கொண்டு போவியளோ?"

"இப்பவே கொண்டு போறன்."

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். சிறுநீரகத்தில் கோளாறு. இந்த அளவில் வந்தபடியால் மருந்தோடு கட்டுப்படுத்தலாம் என்று அங்கே சொன்னபோது நான் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அவருக்காகத்தானா அழுதேன்? முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

"நீர் பெரிய வில்லங்கம் பிடிச்ச ஆள்" என்றார், கட்டிலில் இருந்தபடி.

"ஓம் அண்ணை" என்றேன்.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். மகள் வருகிற மாதம் வருகிறாளாம். வரும் சனிக்கிழமை தன்னையும் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போகட்டாம், மண்டைதீவு அம்மாவோடு தான் கதைக்கிறாராம். அவர் தேறட்டும் முதலில். நான் அன்றைக்கு நெடுந்தீவுக்குப் படகேறுகிறேன். அங்கே ஏழு வீடு சொல்லியிருக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. "நல்லா இருக்கிறன்" என்று இனி எவர் சொன்னாலும் அந்தச் சொல்லோடு திரும்பி வரமாட்டேன். பக்கத்தில் போய் இருந்து, கையைப் பிடித்து, வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழும்புவேன்.

உங்கட கடைசித் தங்கச்சி,
சின்னவள்